பழனி வின்ச்சும் கேபிள் டிராமும் ஒன்றுதானா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

பாலக்காடு மாவட்டம் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். சான்பிரான்சிஸ்கோ தெருக்களில் ஓடும் கேபிள் டிராமை ஏதோ உலக அதிசயம் போலப் பேசுகிறார்கள். நம் பழனியில் 1966 முதல் வின்ச் ஓடுகிறது. அதுவும் கயிறு இழுக்கிற வண்டி, இதுவும் கயிறு இழுக்கிற வண்டி. ஒன்று மலையில், மற்றது தெருவில். இதில் என்ன வித்தியாசம்? மூணாறு டவுனிலிருந்து மேலே இப்படி ஒன்று போட்டால் ஜீப் நெரிசலாவது குறையாதா? மூணாறு அண்ணாச்சி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 4, காலை

நான்தான் அந்த மூணாறு அண்ணாச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை ஃபேக்டரியில் 31 வருடம் ஃபிட்டர். இப்போது ஓய்வு. வெளியே மழை விடுவதாக இல்லை, எழுதுகிறேன்.

ஒன்று இல்லை, தம்பி. பழனியில் வடம் பெட்டியோடு பூட்டியிருக்கிறது. பெட்டி நிற்க வேண்டுமானால் மோட்டாரை நிறுத்துகிறார்கள், வடம் நிற்கிறது, பெட்டியும் நிற்கிறது. கேபிள் டிராமில் வடத்தை வண்டியோடு பூட்டுவதே இல்லை. தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய். அதற்குள் முனையில்லாத வளையமாக ஓர் இரும்பு வடம். காலையில் ஓட ஆரம்பித்தால் இரவு கடைசி வண்டி கொட்டகைக்குத் திரும்பும்வரை ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே பத்து வண்டி இருந்தாலும் ஓடும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஓடும். வண்டியில் எஞ்சின் கிடையாது, மோட்டார் கிடையாது. போக வேண்டுமானால் வடத்தைப் பிடிக்கிறது, நிற்க வேண்டுமானால் விடுகிறது. அவ்வளவுதான்.

பழைய தேயிலை ஃபேக்டரி பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஃபேக்டரியில் ஒரே ஒரு பெரிய எஞ்சின். கூரைக்குக் கீழே கட்டடத்தின் நீளத்துக்கும் ஒரு லைன் ஷாஃப்ட், அதாவது நீளமான இரும்புத் தண்டு, அது எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். ரோலர் மூன்று, சல்லடை, டிரையர் விசிறி எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் தோல் பெல்ட் இறங்கும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்லி: ஒன்று இறுகியது, ஒன்று சும்மா சுற்றுவது. மரக்கவையால் பெல்ட்டை இறுகிய புல்லிக்குத் தள்ளினால் ரோலர் உருளும். சும்மா சுற்றும் புல்லிக்குத் தள்ளினால் ரோலர் நிற்கும், ஷாஃப்ட் நிற்காது. அந்த ஷாஃப்டை எடுத்துத் தெருவில் கிலோமீட்டர் கணக்கில் நீட்டிப் புதைத்தால் கேபிள் டிராம்.

ஜூன் 4, மதியம்

"தெருவுக்கு அடியில் இருக்கிற கயிற்றை மேலே இருக்கிற வண்டி எப்படிப் பிடிக்கும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் தெருவின் நீளத்துக்கும் ஒரு பிளவு. ஓர் அங்குலத்துக்கும் குறைவான அகலம். வண்டியிலிருந்து ஒரு தட்டையான இரும்புப் பட்டை அந்தப் பிளவு வழியாக உள்ளே இறங்குகிறது. அதன் அடியில் இரண்டு தாடைகள், பெரிய குறடு மாதிரி. ஓட்டுநர் முன்னால் நின்றுகொண்டு ஆள் உயரத்துக்கு ஒரு நெம்புகோலை வைத்திருப்பார். அதைப் பின்னுக்கு இழுக்க இழுக்கத் தாடைகள் வடத்தை இறுக்கும். முழுதாக இறுக்கினால் வண்டி வடத்தின் வேகத்துக்கு வந்துவிடும், மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதற்கு மேல் போக முடியாது. அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும் 15, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவருக்கும் 15.

ஜூன் 4, இரவு

மதியக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஏதோ குறட்டால் ஆணியைப் பிடிப்பது போல எழுதிவிட்டேன். ஏழு டன் வண்டி ஓடுகிற வடத்தை ஒரே பிடியாகப் பிடித்தால் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் நிற்பவர்கள் விழுவார்கள். முதலில் லேசாகப் பிடிக்க வேண்டும். வடம் தாடைக்குள் வழுக்கிக்கொண்டே ஓடும். இழுவை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வண்டி நகரும், பிறகுதான் முழு இறுக்கம். தோல் பெல்ட்டும் அப்படித்தான். கவையை ஒரே தள்ளாகத் தள்ளினால் பெல்ட் கிறீச்சிட்டுக் கழன்று விழும். என்னை வேலைக்குப் பழக்கிய பெரிய மேஸ்திரி, "மாப்பிள்ளையை அழைப்பது போல அழைத்து வா" என்பார்.

வழுக்கும்போது எதாவது ஒன்று தேயத்தானே வேண்டும்? வடம் தேயக் கூடாது, அதன் விலை அப்படி. அதனால் தாடையில் மிருதுவான உலோகத்தில் அச்சுத் துண்டு வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். வடத்தின் மேல் பைன் மரத் தார் பூசுகிறார்கள். அந்தத் தார் வழுக்கும்போது தான் தேய்ந்து வடத்தைக் காப்பாற்றுகிறது.

ஜூன் 5

நேரில் பார்த்தேனா என்று மூன்று பேர். பார்த்தேன். 2016இல் மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு நாள் முழுக்க அதிலேயே கழித்தேன். மற்றவர்கள் பாலத்தைப் பார்க்கப் போனார்கள். நான் வாஷிங்டன் தெருவும் மேசன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிற கட்டடத்துக்குப் போனேன். கொட்டகையும் அதுவே, எஞ்சின் வீடும் அதுவே. மேலே நின்று பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது வாசனை. தாரும் சூடான கிரீஸும். நம் ஃபேக்டரியில் தேயிலை வாசனை போக மிச்சம் என்ன இருக்குமோ அது. நான்கு வடங்கள், ஒவ்வொன்றுக்கும் 510 குதிரைத்திறன் மின்மோட்டார். ஆள் உயரத்துக்கு மேலான கப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுகின்றன. வடம் தெருவிலிருந்து உள்ளே வந்து, இந்தக் கப்பிகளைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறது. கடைசிக் கப்பி ஒரு தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பின்னால் எடைக்கற்கள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வடம் நீளும், வெயிலுக்கும் நீளும், சுமைக்கும் நீளும். அந்தத் தொய்வை இந்த வண்டி வாங்கிக்கொள்கிறது. ஒரு பெரிய வண்டி மேட்டில் வடத்தைப் பிடித்த நேரமாக இருக்க வேண்டும், தள்ளுவண்டி ஒரு முழம் முன்னே போய்த் திரும்பப் பின்னே வந்தது. நான் அந்த ஒரு முழத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வடம் ஒன்றேகால் அங்குலம் விட்டம். ஆறு புரி, புரிக்கு 19 கம்பி, நடுவில் கற்றாழை நார். கலிபோர்னியா தெருவின் வடம் மட்டும் 21,000 அடி, ஆறு கிலோமீட்டருக்கு மேல். சில மாதங்களில் தேய்ந்துவிடும். பிறகு புது வடத்தைப் பழையதன் வாலில் கட்டி இரவோடு இரவாக இழுத்துக்கொள்கிறார்கள்.

வெளியே வந்து வண்டியில்லாத தெருவில் பிளவுக்குப் பக்கத்தில் நின்றால் அடியில் அது சலசலவென்று ஓடுவது காதில் விழும்.

ஜூன் 6

கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டவருக்கு: ஆண்ட்ரூ ஸ்மித் ஹாலிடி, 1836இல் லண்டனில் பிறந்தவர். தொழில், இரும்பு வடம் செய்வது. அப்பாவுக்கும் அதே தொழில். மழையில் நனைந்த கல் தெருவில் குதிரை டிராம் ஒன்று ஏறும்போது குதிரைகள் வழுக்கி விழுந்து பின்னோக்கி இழுபட்டதைப் பார்த்தார், அதில்தான் யோசனை வந்தது என்று கதை. கதையில் குதிரையின் மேல் இருக்கும் இரக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் வடம் விற்பவர் ஊரெல்லாம் வடம் புதைக்க யோசனை சொன்னார் என்பதையும் நான் மறக்கவில்லை. எங்கள் ஊரில் பெயின்ட் கடைக்காரர்தான் கோவிலுக்கு வருடா வருடம் வண்ணம் பூச வேண்டும் என்று முதலில் எழுந்து பேசுவார்.

கிளே தெரு மேட்டில் 1873 ஆகஸ்ட் மாதம் முதல் ஓட்டம். ஓட்ட வேண்டியவர் உச்சியிலிருந்து சரிவை எட்டிப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று இறங்கிவிட்டாராம். ஹாலிடியே பிடியைக் கையில் எடுத்தார் என்று சொல்கிறார்கள். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியில் ஒரு முறை உட்கார்ந்தவன் என்பதால், இறங்கியவர் பக்கம்தான் நான்.

அதே நாள், சற்று கழித்து

வடத்தைப் பிடிக்கும் அந்தப் பிடியை வடிவமைத்த எஞ்சினியர் வில்லியம் எப்பல்ஷைமர். அவரை விட்டுவிட்டு முதலாளி பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். ஃபிட்டராக இருந்துகொண்டு நானே இதைச் செய்யக் கூடாது.

ஜூன் 8

இரண்டு நாள் கரன்ட் இல்லை. இடையில் சித்தூர்த் தம்பி நல்ல கேள்வி ஒன்று போட்டிருக்கிறார். இரண்டு தெருக்கள் குறுக்கே வெட்டினால் இரண்டு வடங்களும் வெட்டிக்கொள்ளுமே, பட்டை எப்படித் தாண்டும்?

இதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். ஒரு வடம் மேலே போகும், மற்றது அதற்கு அடியில் போகும். அடி வடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற வண்டி சந்திப்புக்கு முன்னால் அதை முழுதாக விட்டுவிட வேண்டும். வடம் தாடையிலிருந்து கீழே விழும். வண்டி தன் ஓட்ட வேகத்திலேயே மேல் வடத்தைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் வடம் தாடைக்கு எட்டும் இடத்தில் திரும்பப் பிடிக்க வேண்டும். விட மறந்தால் இவன் தாடை அடுத்தவன் வடத்தில் போய் மோதும்.

யார் விட வேண்டும்? முதலில் தெருவில் வடம் போட்டவருக்கு உரிமை, பின்னால் வந்தவர் விட வேண்டும். நம் வாய்க்கால் முறை மாதிரி, தலைமடைக்காரனுக்குத்தான் முதல் தண்ணீர். கலிபோர்னியா தெரு வழி 1878இல் வந்தது, பவல் தெரு வழி 1888இல். ஆகவே இன்றைக்கும் பவல் தெரு வண்டிதான் கலிபோர்னியா தெருவில் வடத்தை விடுகிறது. அந்த இரண்டு கம்பெனிகளும் போய் எத்தனையோ காலம் ஆயிற்று, எல்லாம் ஒரே நகராட்சி நிர்வாகத்தின் கையில். பத்து வருடம் முன்பின் வந்த தகராறு மட்டும் தெருவுக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. அந்தச் சந்திப்பு மேட்டின் உச்சியில் இருக்கிறது. பவல் வண்டி கடும் ஏற்றம் ஏறி வந்து, உச்சியில் வடத்தை விட்டு, மிச்ச வேகத்தில் தாண்ட வேண்டும். முன்னே ஒரு கார் குறுக்கிட்டு நடுவில் நின்றுபோனால் வண்டிக்கு ஒன்றுமே இல்லை, பிடிக்க வடமும் இல்லை, எஞ்சினும் இல்லை. அதற்காக அங்கே ஒரு கூண்டு வைத்து ஆள் உட்கார்ந்து சிக்னல் காட்டுகிறார்.

ஜூன் 9

வளைவு. நேரான தெருவில் எல்லாம் சுலபம். வளைவில் வடம் குறுக்குவழியாகப் போகப் பார்க்கும், கால்வாய்ச் சுவரில் உரசும். வரிசையாகக் கிடைக் கப்பிகள் வைத்து அதை வளைக்க வேண்டும். ஆரம்பத்தில் வளைவு வந்தால் வடத்தை விட்டு உருண்டு போவதுதான் வழக்கம். மேட்டில் வளைவு இருந்தால் உருள முடியாது. நியூசிலாந்தில் டனீடின் ஊரில் 1881இல் ஜார்ஜ் ஸ்மித் டங்கன் என்பவர் வளைவிலும் பிடித்தபடியே போகும் அமைப்பைச் செய்தார். அமெரிக்காவுக்கு வெளியே முதல் கேபிள் டிராம் அதுதான். வளைவில் பிடித்தால் முழுதாகப் பிடிக்க வேண்டும், அரைப்பிடி கூடாது.

ஜூன் 9, இரவு

இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஏற்றத்தில் வடம் இழுக்கிறது. இறக்கத்தில்? அதே வடம் வண்டியை அடக்குகிறது. வண்டி பாய்ந்து ஓடப் பார்க்கும், பிடித்திருப்பதால் 15க்கு மேல் போக முடியாது. லாரிக்காரர்கள் முதல் கியரில் போட்டு இறங்குவது போல. அதோடு, இறங்குகிற வண்டியின் எடை வடத்தைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் அடுத்த பக்கத்தில் ஏறுகிற வண்டிக்குப் போய்ச் சேருகிறது. இரண்டும் சமமாக இருந்தால் மோட்டாருக்கு வேலை குறைவு.

சித்தூர்த் தம்பி, இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை, உங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரைக்கும் கொச்சி சமஸ்தானத்து வன டிராம்வே. 1907இல் திறந்து 1963 வரைக்கும் ஓடியது, சுமார் 80 கிலோமீட்டர். சமவெளியில் எஞ்சின் இழுக்கும். மலைச் சரிவுகளில் எஞ்சினுக்கு வேலை இல்லை. தேக்கு ஏற்றிய டிரக் தன் எடையில் இறங்கும், அதே வடத்தின் மறுமுனையில் காலி டிரக் மேலே வரும், உச்சியில் பிரேக்கோடு ஒருவர். எரிபொருள் இல்லை, மரத்தின் எடைதான். இது வடத்தோடு பூட்டிய வகை, பழனி வின்ச்சின் குடும்பம். தெரு டிராமோடு சேர்க்க வேண்டாம். நானே கேள்வியைக் குழப்பிவிடுவேன் போலிருக்கிறது.

ஜூன் 11

பிரேக். மூன்று விதம்.

சக்கரத்தில் இரும்புக் கட்டை அழுந்துவது ஒன்று. முன்சக்கரம் ஓட்டுநரின் காலில், பின்சக்கரம் கண்டக்டரின் கையில். ஓட்டுநர் மணியால் சொல்ல, கண்டக்டர் பின்னால் பிடிப்பார். இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது: மரக்கட்டை. சக்கரங்களுக்கு நடுவே தண்டவாளத்தின் மேல் ஒரு கட்டையை நேராக அழுத்துவது. சில நாட்களில் தேய்ந்து கரித்துப்போகும், புதுக் கட்டை போடுவார்கள். மகளிடம் சொன்னேன், "இது நம் தேர் முட்டுக்கட்டை." அவள் சிரித்தாள். ஆனால் பாருங்கள், சுசீந்திரத்தில் தேர் இறக்கத்தில் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து வருகிறவர்கள் என்ன செய்கிறார்களோ அதைத்தான் இவர்கள் நெம்புகோலால் செய்கிறார்கள். அவர்களைவிட நம் ஆட்களுக்குத் துணிச்சல் அதிகம், கை சக்கரத்துக்குப் பக்கத்தில் போகிறது.

மூன்றாவது கடைசி வழி. சிவப்பு நெம்புகோல். இழுத்தால் ஓர் இரும்பு ஆப்பு நடுப்பிளவில் இறங்கி அடித்துச் சிக்கும். வண்டி நிற்கும். பிறகு அதைக் கழற்றுவது லேசில்லை, சில நேரம் கேஸ் வெல்டிங்காரர் வந்து அறுத்தெடுக்க வேண்டும்.

ஜூன் 12

மேலே "நிற்க வேண்டுமானால் விடுகிறது" என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டேன். விட முடியாமல் போவதும் உண்டு.

வடத்தில் ஒரு கம்பி அறுந்து முள்ளாகக் கிளம்பினால், அது தாடையில் போய் மாட்டிக்கொள்ளும். வடம் ஓட ஓட அந்தப் புரி பின்னுக்குப் பின்னாகச் சுருண்டு தாடையைச் சுற்றி முடிச்சாகிவிடும். ஓட்டுநர் நெம்புகோலை முழுதாகத் தள்ளிவிடுகிறார், தாடை திறந்துதான் இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. பிரேக் பிடித்தால் எஞ்சின் வீட்டின் முழு பலத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். முன்னால் நிற்கும் வண்டியையும் முட்டித் தள்ளிக்கொண்டு போகும். மணியை விடாமல் அடித்துக்கொண்டு, யாராவது எஞ்சின் வீட்டுக்குச் சொல்லி வடத்தை நிறுத்தும்வரை போக வேண்டியதுதான். இதற்காக வடம் உள்ளே வரும் வழியில் கவை போல ஒன்றை வைத்திருக்கிறார்கள். முள் கிளம்பிய வடம் அதைத் தட்டினால் உடனே எல்லாம் நிற்கும்.

முள்ளைப் பற்றி எனக்குத் தனியாகத் தெரியும். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து மூட்டைகளைப் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவர ஒரு கம்பி வடம் இருந்தது. மாதம் ஒருமுறை அதைத் துடைத்துப் பார்ப்பது என் வேலை. வடத்தைச் சுற்றிப் பஞ்சு வேஸ்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஓடவிட வேண்டும். முள் இருந்தால் பஞ்சில் ஓர் இழை மாட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் சுண்ணாம்புக்கோடு போடுவோம். ஒரு நாள் பஞ்சு தீர்ந்துவிட்டது. புதுசு வாங்க இன்டென்ட், அதாவது கேட்புச் சீட்டு, எழுதிக் கொடுத்து மூன்று வாரம், ஸ்டோரில் இல்லை, இல்லை என்றே பதில். வெறும் கையால் பிடித்தேன். மெதுவாகத்தான் ஓடியது. உள்ளங்கையின் நடுவில் தைத்து மணிக்கட்டுப் பக்கம் கிழித்துக்கொண்டு போனது. இழுத்துப் பிடுங்க முடியாது, அது ஓடிக்கொண்டிருக்கிறது, நான்தான் அதோடு நாலு எட்டு ஓடினேன். ஸ்விட்ச் பக்கத்தில் நின்ற பையன் நிறுத்தினான். ஏழு தையல். "கவனக்குறைவு" என்று எழுதினார்கள். மறுநாள் காலை ஸ்டோரில் பஞ்சு இருந்தது.

அந்த நாலு எட்டு ஓடும்போது என்ன தோன்றியதோ அதுதான் அந்த ஓட்டுநருக்கும் தோன்றும். நீங்கள் விட்டுவிட்டீர்கள், அது விடவில்லை.

ஜூன் 13

சரி, மூணாறில் போடலாமா. போட முடியாது. மூணாறு மழையில் அந்தப் பிளவு வழியாக எவ்வளவு மண் இறங்கும் என்று யோசியுங்கள். சான்பிரான்சிஸ்கோவிலும் கால்வாய்க்கு வடிகால் உண்டு, ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வழி உண்டு. எங்கள் ஊரில் சாதாரண ஓடைக்கே ஆள் இல்லை. அதோடு பிளவின் மேலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

தெருவில் பிளவு வைத்து மழையிடம் தோற்றது நம்மிடமும் நடந்திருக்கிறது. சென்னையில் 1895இல் மின்சார டிராம் வந்தபோது மின்சாரத்தை முதலில் தெருவுக்கு அடியில் கால்வாய் வழியாகத்தான் கொடுத்தார்கள். பருவமழை வந்து அதைக் கெடுத்தது, பிறகு தலைக்கு மேலே கம்பி போட்டார்கள். அந்த டிராம் 1953 வரை ஓடியது. பிளவைப் பார்த்ததும் உள்ளே வடம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

ஜூன் 15

"இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா ஊரிலும் அழிந்தது?" நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? அழகு என்றுதான் நினைக்கிறேன், அதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. சிகாகோ, மேடே இல்லாத ஊர், 1882இல் போட்டு மிகப் பெரிதாக வளர்த்து 1906இல் முடித்துக்கொண்டது. மேடில்லாத ஊரில் எதற்கு என்றால், குதிரையைவிட அது மலிவு, குதிரைக்கு நோய் வரும், தீனி வேண்டும், சாணி அள்ள வேண்டும். மெல்போர்னில் 1885 முதல் 1940 வரை. எடின்பரோவில் 1888இலிருந்து 1923 வரை. 1888இல் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்பவர் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராமை ஒழுங்காக ஓட்டிக்காட்டினார். அன்றோடு கணக்கு மாறியது. வண்டிக்கு ஒரு மோட்டார், மேலே ஒரு கம்பி. தெருவைத் தோண்ட வேண்டாம், கப்பி வேண்டாம், தார் வேண்டாம். கேபிளில் எஞ்சினின் சக்தியில் பெரும்பங்கு வடத்தை இழுக்கவே போகிறது, வண்டியை இழுக்க மிச்சம்தான். வடம் நின்றால் அந்த வழியில் எல்லா வண்டியும் நிற்கும்.

எங்கள் ஃபேக்டரியிலும் இதுவே நடந்தது. ஒரு வருடம் ரோலர் ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார் வந்தது. லைன் ஷாஃப்டை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சத்தம் பாதியானது. ஒன்று கெட்டால் மற்றவை ஓடின. மேஸ்திரி மட்டும், ஷாஃப்ட் இருந்தபோது ஃபேக்டரியில் எங்கே நின்றாலும் எந்த ரோலர் திணறுகிறது என்று கூரைச் சத்தத்திலேயே தெரிந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது உண்மை. ஆனால் அந்தச் சத்தத்தில் அவருக்கு இரண்டு காதும் கேட்காமல் போனதும் உண்மை.

சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் தப்பியது. 1906 பூகம்பமும் தீயும் பெரும்பகுதியை முடித்தன. 1947இல் மேயர் மிச்சத்தையும் எடுத்துவிட்டு பஸ் விடப் பார்த்தார். ஃபிரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி மற்றப் பெண்களைச் சேர்த்துப் போராடி நிறுத்தினார். இப்போது மூன்று வழிகள். நூறு அடிக்கு 21 அடி ஏறும் இடம் கூட ஹைட் தெருவில் இருக்கிறது, சாதாரண டிராமின் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிக்கொண்டு நிற்கும்.

ஜூன் 16

நேற்று எழுதியதும் டாப் ஸ்டேஷன் நினைவு வந்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அது ஏதோ வானொலி நிலையம் என்று நினைத்துக் கேட்கிறார்கள். மூணாறிலிருந்து குண்டளை வழியாக வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கே கம்பி வடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து போடிக்கு. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டி, 1908 முதல் குட்டி ரயில். 1924 வெள்ளத்தில் ரயில் போயிற்று. இங்கே பெரியவர்கள் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. எங்கள் தாத்தா போடியிலிருந்து நடந்து ஏறி வந்தவர். தலைக்கு மேலே தேயிலைப் பெட்டி சுகமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஏறினாராம். பெட்டிக்குக் கிடைத்தது ஆளுக்குக் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

இதற்கும் கேபிள் டிராமுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் இருக்கட்டும்.

ஜூன் 19

என்னோடு வேலை பார்த்தவர் இப்போது கடையநல்லூரில் மகனோடு இருக்கிறார். யாரோ இதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள், போன் செய்தார். "ரோலர் மூன்று என்று எழுதியிருக்கிறாயே, நான்கு அல்லவா? மூலையில் கிடந்ததை மறந்துவிட்டாயா?"

மறந்துதான் போயிருந்தேன். நான்கு. அந்த நான்காவதில் சும்மா சுற்ற வேண்டிய புல்லிக்குக் கிரீஸ் காய்ந்து, அது ரோலரின் தண்டோடு இறுகிப்போயிருந்தது. பெல்ட்டை எந்தப் பக்கம் தள்ளினாலும் ரோலர் உருண்டுகொண்டே இருந்தது. நிறுத்துவதற்கு எஞ்சினையே நிறுத்தினோம். ஃபேக்டரி முழுவதும் நின்றது, மேனேஜர் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. 12ஆம் தேதிக் குறிப்புக்கு என் கையைக் கிழித்த கதையைவிட இதுதான் சரியான உதாரணம். கிரீஸ் வைக்க வேண்டியது யார் என்று அவர் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.